நீர் சிந்தாத ஒரு மணி நேரம்

ஜூன் 3, திங்கள்

இன்றும் சிந்திவிட்டது.

மரக்காணம் உப்பளம். விடிந்ததும் போய்விட்டோம். ஆறு பத்துக்கு ஜெசிந்தா கேமராவை ஓடவிட்டாள். நாற்பத்தோராவது நிமிடத்தில் தாம்பாளத்தின் வலது ஓரம் நீர் வழிந்து, மணிக்கட்டில் இறங்கி, முழங்கை வரை ஓடியது. நிறுத்தச் சொன்னேன்.

"காத்து" என்றேன்.

"காத்தே இல்லியே வல்லிக்கா. ஸ்டாண்டுல ரிப்பன் கட்டி வச்சிருக்கேன் பாருங்க, அது பாட்டுக்குத் தொங்குது."

"என் பக்கம் அடிச்சுது."

அவள் லென்ஸை மூடினாள். ஜெசிந்தாவுக்கு முத்தியால்பேட்டையில் ஸ்டுடியோ. முகூர்த்த நாட்களில் கல்யாண வீடியோ, மற்ற நாட்களில் நான். ஐந்து வருடமாக என் எல்லாப் பதிவுகளையும் அவள்தான் எடுக்கிறாள். வாதாட மாட்டாள். அதுவே சில நேரம் எரிச்சலாக இருக்கிறது.

உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, நான் காரில் ஏறும்போது, "யாருக்கும்மா நேர்த்திக்கடன்?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை. நிற்கும்போதுதான் பேசக் கூடாது, நின்று முடித்தபின் பேசலாம். ஆனாலும் வாய் வரவில்லை.

சென்னைக் கண்காட்சி ஆகஸ்ட் பதினேழு. அதன் பொறுப்பாளர் நந்தகோபன், கண்காட்சிப் புத்தகத்துக்கு என் வேலையைப் பற்றி நான்கு வரி கேட்டிருக்கிறார். இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "பன்னிரண்டு இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் விளிம்பு வரை நீர் நிரப்பி, இரு கைகளால் மார்பளவில் ஏந்தி, ஒரு மணி நேரம் நிற்கிறேன். கேமரா அசையாது, நானும் அசைய மாட்டேன், பேச மாட்டேன். பதிவில் வெட்டு கிடையாது. ஒரு சொட்டு சிந்தினாலும் அந்தப் பதிவு செல்லாது."

ஒன்பது இடங்கள் முடிந்தன. மீன் அங்காடி, பேருந்து நிலையம், நீதிமன்றப் படிக்கட்டு, பிரசவ வார்டின் வாசல் என்று எல்லாமே சத்தமும் நெரிசலுமான இடங்கள். அங்கெல்லாம் சிந்தாத நீர், அமைதியான உப்பளத்தில் சிந்துகிறது. இரண்டாவது முறை.

உப்பளம் போக மீதி இரண்டு. விழுப்புரம் ரயில் நிலைய நடைமேம்பாலம். பன்னிரண்டாவது, திறப்பு நாளன்று கண்காட்சிக் கூடத்திலேயே, ஆட்கள் முன்னால்.

ஜூன் 4, செவ்வாய்

பேனா சரியில்லை. வேறு வாங்க வேண்டும்.

ஜூன் 7, வெள்ளி

ஐந்து மணிக்குப் பாயில் உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் மூச்சை எண்ணுவது, பிறகு அரை மணி நேரம் காலித் தாம்பாளத்தோடு நிற்பது. இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் காலை. பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியையாக இருந்த காலத்திலும் தவறியதில்லை. இப்போது சில வாரமாக மூச்சை எண்ணும்போது கவனம் தொடைமேல் இருக்கும் வலது கைக்குப் போய்விடுகிறது. கவனத்தைத் திருப்பிக் கொண்டுவருகிறேன். மறுபடி போகிறது.

பத்து மணிக்கு மாடியிலிருந்து இந்திராணி அக்கா இறங்கி ஓடிவந்தாள்.

"என்னடி பண்ற? வீடே கருகல் நாத்தம் அடிக்குது!"

பால் சுண்டி, பாத்திரத்தின் அடி கறுத்துவிட்டது. நான் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நின்று புடலங்காய் அரிந்துகொண்டிருந்தேன்.

"யோசனைல இருந்தேன்க்கா."

"மூக்குமா யோசனைல இருந்துது?"

பாத்திரத்தைத் தேய்க்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அக்கா சமாதானமாக ஒரு முழம் மல்லி கொண்டுவந்து வைத்தாள். இந்த வருடம் மல்லிகையில் வாசமே இல்லை. என்ன உரம் போடுகிறார்களோ.

ஜூன் 11, செவ்வாய்

நந்தகோபன் சென்னையிலிருந்து வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கதர்ச் சட்டை, மெல்லிய குரல். காபி குடிக்க மாட்டார், சுக்கு வெந்நீர்தான். முடிந்த ஒன்பது பதிவுகளையும் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தார். கடைசி மூன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"மேடம், முதல் ஆறுல உங்க முகத்துல ஒரு முயற்சி தெரியுது. 'சிந்தக் கூடாது'ங்கற பதட்டம் புருவத்துல இருக்கு. ஏழாவதுலேர்ந்து அது இல்ல. முகம் அப்படியே வெறுமையாயிடுச்சு. கண்கூட சிமிட்டறதில்ல. இந்த எடத்துக்கு எப்படி வந்தீங்க?"

"பயிற்சிதான்" என்றேன்.

"எத்தன வருஷம்?"

"இருபத்திரண்டு."

குறித்துக்கொண்டார். கண்காட்சிக்குத் தலைப்பே "வெறுமையை அடைந்த முகம்" என்று வைக்கலாமா என்று கேட்டார். யோசிக்கிற மாதிரி காட்டிவிட்டுச் சரி என்றேன். உள்ளே துள்ளல். இத்தனை வருடத்தில் ஒருவராவது இதைப் பார்த்துச் சொல்ல மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். அதை இந்த நோட்டில் ஒப்புக்கொள்ளலாம்.

அவர் போனபின் அக்கா வந்தாள். "வந்த மனுஷன் கிட்ட கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன? ஏன் எப்பப் பாத்தாலும் கோவமாவே மூஞ்ச வச்சிருக்க?"

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஜூன் 14, வெள்ளி

உப்பளம், மூன்றாம் முறை. இருபத்தெட்டாவது நிமிடம்.

தாம்பாளத்தின் மேல்தான் தவறு. ஐந்து வருடத்தில் விளிம்பு லேசாக நெளிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் நீர் அந்தப் பக்கம்தானே வரும். ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவள் தாம்பாளத்தை வாங்கி, காரின் பானட்மேல் கவிழ்த்து வைத்து, விரலால் அழுத்திப் பார்த்தாள். ஆடவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"உனக்குத் தெரியாது."

"சரிக்கா."

ஜூன் 16, ஞாயிறு

காபியை நிறுத்திவிட்டேன். தோளுக்கு நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றிக்கொள்கிறேன், வலது தோள் மட்டும் ஏனோ இறுக்கமாகவே இருக்கிறது. பகலில் பாத்திரம் கழுவுவதைக்கூட அக்காவிடம் தள்ளிவிட்டேன், கைக்கு ஓய்வு கொடுக்க. ரவிக்கைக் கொக்கி மாட்டக் கால் மணி நேரம் ஆகிறது, எல்லாத் தையற்காரர்களும் இப்போது கொக்கியைச் சிறியதாக வைக்கிறார்கள். தாம்பாளத்தையும் மாற்றிவிட்டேன். புதியது கொஞ்சம் ஆழம் அதிகம். ஆழம் அதிகமானால் நீர் குறைவாக ஆடும்.

ஜூன் 20, வியாழன்

விழுப்புரம் மேம்பாலம். அனுமதிக் கடிதத்துக்காக மூன்று வாரம் அலைந்த இடம். பதினாறாவது நிமிடம்.

கீழே ரயில் போனது. பாலம் அதிர்ந்தது. இதை முன்பே யோசித்திருக்க வேண்டும், இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே தப்பு.  ஜெசிந்தா கேமரா பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில், "நீங்க நல்லாத் தூங்கறீங்களா வல்லிக்கா?" என்று மட்டும் கேட்டாள். தூங்குகிறேன் என்றேன். தூக்கத்தில் கையைக் காலை உதறுகிறேன் என்று அக்கா சொல்வதை அவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்.

அப்பா கடைசி வருடங்களில் டம்ளரில் பாதிதான் டீ ஊற்றச் சொல்வார். முழுதாக ஊற்றினால் கோபம் வரும்.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 24, திங்கள்

மளிகைச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அக்கா அதைக் கண்ணுக்கு அருகே வைத்து, தள்ளி வைத்து, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் கண்டவர் கிறுக்கல்களைப் படித்தவள்.

"என்னடி இது, கடுகு சிந்துன மாதிரி? மொத வரி படிக்க முடியுது. கீழ போகப் போகக் காணாமப் போவுது."

நோட்டில் கோடுகள் நெருக்கம், அதே பழக்கம் வந்துவிட்டது என்றேன். மாலை கடைக்குப் போய் அகலக் கோடு போட்ட நோட்டு வாங்கினேன். இதுதான் அது. கோடுகளுக்கு நடுவே எழுத்துகள் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கின்றன.

ஜூலை 2, செவ்வாய்

ஜெசிந்தா ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டிருந்தாள். "ஒரு பத்து நிமிசம் வாங்கக்கா, ஒண்ணு காட்டணும்."

பின்னறையில் பெரிய திரை. இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் நான் தூரத்திலிருந்து நடந்து வந்து குறித்த இடத்தில் நிற்பேன். அந்த நடை எடிட்டிங்கில் போய்விடும். அவள் அதை அழிக்காமல் வைத்திருக்கிறாள். இடது பக்கம் ஐந்து வருடத்துக்கு முன் மீன் அங்காடி. வலது பக்கம் போன மாதம் உப்பளம்.

"கையப் பாருங்க" என்றாள்.

இடது பக்கத்தில் என் இரண்டு கைகளும் வீசிக்கொண்டு வருகின்றன. வலது பக்கத்தில் இடது கை மட்டும் வீசுகிறது. வலது கை வயிற்றோடு ஒட்டி, யாரோ கட்டிப்போட்டது போல வருகிறது.

"கல்யாணத்துல பொண்ணு மாப்ள நடந்து வர்றத ஆயிரம் தடவ எடுத்திருக்கேன்கா. யார் கை எப்படி வீசுதுன்னு எனக்குத் தெரியும். உங்க கை வீசல. போன வருசமே வீசல. போன வருச ஃபுட்டேஜும் பாத்தேன்."

 அவள் அடுத்த துண்டைப் போட்டாள். விழுப்புரம். தாம்பாளத்தைப் பிடித்திருக்கும் என் வலது கட்டைவிரலைப் பெரிதாக்கினாள். விரல் ஆடிக்கொண்டிருந்தது. மாத்திரை உருட்டுகிற மாதிரி ஒரே சீராக. பின்னால் பாலத்தின் இரும்புக் கம்பி கல்லாக நின்றது.

"பாலம் ஆடிச்சுன்னா கம்பியும் ஆடணும்ல?"

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. தெரியும். எழுந்து நின்று கத்தினேன். என்னை வேவு பார்க்கச் சொன்னது யார், அழிக்க வேண்டியதை எதற்கு வைத்திருக்கிறாய் என்று. அதோடு விட்டிருக்கலாம். "கல்யாண வீடியோ எடுக்கறவளுக்கு என் வேலையப் பத்தி என்ன தெரியும்" என்றும் சொன்னேன்.

அவள் திரையை அணைத்தாள். 

"சரிக்கா. மீன் கொழம்பு இருக்கு. சாப்ட்டுப் போறீங்களா?"

சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

ஜூலை 3, புதன்

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 6, சனி

காலையில் மொட்டை மாடியில் கைப்பேசியை ஸ்டாண்டில் மாட்டி, தாம்பாளத்தை நிரப்பி, தனியாக நின்றேன். காற்று இல்லை. ரயில் இல்லை. பழைய தாம்பாளம். ஏந்திய முதல் நிமிடம் கை அமைதியாக இருந்தது. பிறகு தொடங்கியது. ஒன்பது நிமிடத்தில் காலடியில் ஈரம்.

அதன்பின் பதிவை ஓட்டிப் பார்த்தேன். ஜெசிந்தா பெரிதாக்கிக் காட்டியதை நான் பெரிதாக்கத் தேவைப்படவில்லை.

கவனிப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக என் வேலை. கவனித்தும் இருக்கிறேன். போன தீபாவளிக்கு அக்கா வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, மடியில் கிடந்த கை தானாக ஆடுவதைப் பார்த்து அதன்மேல் தலையணையை வைத்துக்கொண்டேன். அன்றைக்கே அப்பாவின் கை ஞாபகம் வந்தது. அப்பா துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் கொடியில் புடவை உலர்த்திக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

"நீயா சொல்லுவன்னு எட்டு மாசமா பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

ஜூலை 11, வியாழன்

ஆஸ்பத்திரி. அக்காவும் வந்தாள். டாக்டர் மெகருன்னிசா என்று ஒருவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவசரமே படவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். இடது கை தட்டியது. வலது கை தட்டத் தொடங்கி, சின்னதாகிக்கொண்டே போய், நின்றது. வராந்தாவில் நடக்கவிட்டார். ஒரு வரி எழுதச் சொன்னார், சுருள் வரையச் சொன்னார். ஓவியம் சொல்லிக் கொடுத்த கை வரைந்த சுருளைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

"வாசனையெல்லாம் தெரியுதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "பால் கருகுனாலே தெரியல டாக்டர்" என்றாள்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"அசையாம நிக்கறது" என்றேன். அவர் சிரித்தார். நான் விளக்கியதும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கண் சிமிட்டறது ரொம்பக் குறைஞ்சிருக்கு. முகத்துல அசைவும் கம்மி. இதுவும் இந்த நோயோட அறிகுறிதான். முகத் தசை இறுகிடும். மத்தவங்க பாத்தா நீங்க கோவமா இருக்கீங்க, இல்லன்னா எதுலயும் ஒட்டாம இருக்கீங்கன்னு நெனச்சுக்குவாங்க."

"இது எப்ப ஆரம்பிச்சிருக்கும்?"

"சரியா சொல்ல முடியாது. ரெண்டு மூணு வருஷமா மெல்ல மெல்ல வந்திருக்கலாம்."

ஏழாவது பதிவு எடுத்து இரண்டரை வருடம் ஆகிறது.

அப்பாவுக்கு இருந்ததால் எனக்கு வந்ததா என்று அக்கா கேட்டாள். பெரும்பாலும் அப்படி வருவதில்லை, சில குடும்பங்களில் வரும் என்றார் டாக்டர். மருந்து எழுதினார். உடற்பயிற்சி முக்கியம் என்றார். இன்னும் நிறைய வருடம் நன்றாக வேலை செய்யலாம் என்றார். நோயின் பெயரையும் சொன்னார். அப்பாவுக்குச் சொன்ன அதே பெயர்தான்.

ஜூலை 12, வெள்ளி

ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது பதிவுகளை மூன்று மணி நேரம் தொடர்ந்து பார்த்தேன்.

நீதிமன்றப் படிக்கட்டில் ஒருவர் என்னைப் பைத்தியம் என்று திட்டுகிறார். முகம் அசையவில்லை. அன்று எனக்கு உள்ளே எவ்வளவு கோபம் வந்தது என்று நினைவிருக்கிறது. அது முகத்துக்கு வரவில்லை என்று பிறகு பெருமைப்பட்டேன். பிரசவ வார்டு வாசலில் ஒரு பெண் தரையில் விழுந்து அழுகிறாள். முகம் அசையவில்லை. அதையும் சாதனை என்று எண்ணினேன்.

இருபத்திரண்டு வருடம் காலை ஐந்து மணி. கல்யாண வீடு, சாவு வீடு எங்கே போனாலும் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். அத்தனைக்கும் பலனாக ஒருவர் வந்து ஒன்றைப் புகழ்ந்தார். அவர் புகழ்ந்தது எனக்கு வந்த வியாதியை. எந்த நிமிடம் வரை என் பயிற்சி, எந்த நிமிடத்திலிருந்து இது? எந்த டாக்டரும் சொல்ல முடியாது. ஜெசிந்தாவாலும் பெரிதாக்கிக் காட்ட முடியாது.

தாம்பாளத்தைச் சுவரில் எறிந்தேன். சுண்ணாம்பு பெயர்ந்தது. அக்கா மாடியிலிருந்து வந்து, தாம்பாளத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"எறியறதுக்குக் கை நல்லா வருது" என்றாள்.

சிரித்துவிட்டேன். சிரித்தது முகத்தில் தெரிந்ததா என்று கேட்டேன். "கொஞ்சம்" என்றாள். அதன்பின் அழுதேன். அவள் தோசை வார்த்துக்கொண்டு வந்து, பிய்த்துப் பிய்த்துத் தட்டில் வைத்தாள். சின்ன வயதில்கூட அவள் எனக்கு அப்படிச் செய்ததில்லை.

ஜூலை 16, செவ்வாய்

ஜெசிந்தாவின் ஸ்டுடியோ. ஒரு நிச்சயதார்த்தக் குடும்பம் ஆல்பம் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் காக்க வைத்தாள். வேண்டுமென்றேதான்.

அவர்கள் போனதும் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே மெமரி கார்டுகளை அடுக்கினாள்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு" என்றேன்.

"நான் கல்யாண வீடியோ எடுக்கறவதான்கா. அதச் சொன்னதுக்கு எனக்குக் கோவம் இல்ல. அது என்னமோ கேவலமான தொழில் மாதிரி சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் கோவம்."

"மன்னிச்சிடு."

"விடுங்க." கார்டுகளை டப்பாவில் போட்டு மூடிவிட்டு, "மிச்சம் மூணு எடம் எப்ப எடுக்கறோம்?"

"எங்க எடுக்கறது? சிந்துனா செல்லாது."

"அந்த ரூல் யாரு போட்டது?"

"நான்தான்."

"அப்ப யார்கிட்ட போயி பர்மிசன் கேக்கணும் நீங்க?"

 வரும் வழியெல்லாம் அவளோடு மனதுக்குள் வாதாடிக்கொண்டே வந்தேன். அந்த விதி இல்லாவிட்டால், ஒரு பொம்பளை தட்டை வைத்துக்கொண்டு நிற்கிறாள், அவ்வளவுதானே இது? வீடு வரும்வரை பதில் கிடைக்கவில்லை.

ஜூலை 19, வெள்ளி

மாத்திரை குமட்டுகிறது. சாப்பிட்டதெல்லாம் தொண்டையிலேயே நிற்கிறது. ஒரு மாதத்தில் பழகிவிடும் என்கிறார்கள்.

ஜூலை 22, திங்கள்

நந்தகோபனுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லி, "வெறுமையை அடைந்த முகம்" என்ற தலைப்பை எடுத்துவிடுங்கள் என்றேன். அது பொய்.

"அடடா" என்றார். வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். பிறகு அந்த மெல்லிய குரல் மெல்ல மெல்ல உயர்ந்தது.

"மேடம், கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இது இன்னும் பெரிய விஷயம். அசையாமை உங்க சாதனையா, நோயோட வேலையான்னு பாக்கறவனுக்கே தெரியாது! நுழைவாசல்ல டாக்டர் ரிப்போர்ட்டையே பெருசா பிரிண்ட் போட்டு மாட்டலாம். பேட்டி ஏற்பாடு பண்றேன்..."

"வேண்டாம்."

"ஏன் மேடம்? மறைக்கணுமா?"

"நீங்க சொல்ல வேண்டாம்னு சொல்றேன்."

"மேடம், புத்தகம் அச்சுக்குப் போற நேரம்..."

"இடம், தேதி, நேரம். மூணு விஷயம் போடுங்க. வேற ஒரு வார்த்தை இருந்தாலும் நான் வரல."

போனை வைத்தபின் அரை மணி நேரம் கை ஆடியது. கோபத்தில் அதிகமாக ஆடுகிறது. போன மாதம் என்னைத் துறவி ஆக்கினார், இப்போது நோயாளி ஆக்கப் பார்க்கிறார். இரண்டுமே அவருடைய சுவருக்குத்தான்.

ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவளும் அவரைத் திட்டினாள். பிறகு, "அவரு சொல்ல வேணாம், சரி. நீங்க யார்கிட்டயாவது சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். பேச்சை மாற்றினேன்.

ஜூலை 25, வியாழன்

நந்தகோபன் ஒப்புக்கொண்டார். குரலில் உற்சாகமே இல்லை. இடம், தேதி, நேரம்.

ஆகஸ்ட் 1, வியாழன்

உப்பளம், நான்காம் முறை. பதினொன்றாவது நிமிடத்தில் சிந்தியது. வழக்கப்படி என் வாய் "நிறுத்து" என்று சொல்லத் திறந்தது. ஜெசிந்தா கேமராவுக்குப் பின்னால் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், என் வாயைப் பார்க்காத மாதிரி. வாயை மூடிக்கொண்டேன்.

மீதி நாற்பத்தொன்பது நிமிடமும் நின்றேன். சமாதானமாக நின்றேன் என்று எழுத ஆசை. இல்லை. ஒவ்வொரு சொட்டுக்கும் பல்லைக் கடித்தேன். தோற்றுக்கொண்டிருப்பதை ஒரு மணி நேரம் கேமரா முன்னால் செய்வது இவ்வளவு எரிச்சலான வேலை என்று தெரியாது. முடிந்தபோது தாம்பாளத்தில் பாதி நீர் இருந்தது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

விழுப்புரம் முடிந்தது. மூன்று ரயில்கள் போயின. பாலம் அதிரவேயில்லை.

ஆகஸ்ட் 17, சனி

திறப்பு விழா. காலை பதினொன்றுக்கு.

வெள்ளைச் சுவர், சிமென்ட் தரை, பதினொரு திரைகள். நடுவில் நான். அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். அக்கா பட்டுப்புடவையில் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அங்கே வேறு யாரும் உட்காரவில்லை. ஜெசிந்தா தூண் ஓரமாகக் கேமராவோடு. நந்தகோபன் என்னைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், நோயைப் பற்றி எதுவும் பேசவில்லை.

தாம்பாளத்தை நானே நிரப்பி ஏந்தினேன். எட்டாவது நிமிடத்தில் முதல் சொட்டு தரையில் விழுந்தது. கூடத்தில் ஒரு சலசலப்பு. பன்னிரண்டாவது நிமிடத்தில் நிற்காமல் சிந்தத் தொடங்கியது. காலடியில் நீர் பரவியது. ஆட்கள் ஒவ்வொருவராக மற்ற திரைகளின் பக்கம் நகர்ந்தார்கள். இரண்டு பேர் கைப்பேசியில் படம் எடுத்தார்கள்.

என் முதுகுக்குப் பின்னால் ஒரு ஆண் குரல் கிசுகிசுத்தது. "பாரேன், அந்த நடுக்கத்த மட்டும் எப்படி கன்ட்ரோலா செய்யறாங்க. மத்த ஒடம்பு ஆடவே இல்ல. எத்தன வருஷப் பயிற்சியோ!"

இன்னொரு குரல், "ஆமாமா" என்றது.

திரும்பி அந்த ஆளின் மேல் மொத்தத் தாம்பாளத்தையும் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. முகம் அசையவில்லை. அதுவும் அவருக்குப் பயிற்சியாகத்தான் தெரிந்திருக்கும்.  இருபத்திரண்டு வருடமாக ஏந்திக்கொண்டு நிற்கும்போது ஒரு வார்த்தை பேசியதில்லை நான். அந்த ஆளிடமும் பேசவில்லை.

முப்பத்தெட்டாவது நிமிடம். அது பிறகு பதிவைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. கூடத்தைத் துப்புரவு செய்யும் அம்மா ஒருவர், பச்சைச் சீருடை, ஐம்பது வயதிருக்கும், மாப்பும் பக்கெட்டும் எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். நந்தகோபன் பதறிப்போய் ஓரத்திலிருந்து கையை ஆட்டினார். அந்த அம்மா அதைக் கவனிக்கவில்லை. தரையைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார்.

"கை வலிக்குதாம்மா?"



"வலிக்கல" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "நடுங்குது. எனக்கு ஒரு நோய் இருக்கு."

"என்ன நோய்?"

"பார்க்கின்சன்."

கூடத்தில் யாரும் அசையவில்லை. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஜெசிந்தா கேமராவை நிறுத்தவில்லை.

"மருந்து சாப்புடறீங்களா?"

"சாப்பிடறேன்."

"எங்க நாத்தனாருக்கும் இருக்கு. மருந்து வுட்றக் கூடாது, வுட்டா ஒரேடியா இறுக்கிக்கும்."

"விட மாட்டேன்."

"சரி" என்று மாப்பைப் பிழிந்தார். "கொஞ்சம் அந்தப் பக்கம் நவுருங்கம்மா. தண்ணி நெறைய கெடக்கு, வழுக்கி வுட்டுரும்."

வலது பக்கம் ஓரடி நகர்ந்தேன். அவர் நான் நின்ற இடத்தைத் துடைத்து முடித்து, இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினார். இன்னும் ஓரடி நகர்ந்து, தாம்பாளத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் இருபது நிமிடம் இருந்தது.